நாள் கூலி 1200ன்னா மாசம் 36,000 கெடையாது: ஒரு கார்பெண்டரோட நோட்டுக் கணக்கு

போன மாசம் கொளத்தூர்ல ஒரு ஃப்ளாட்டுக்கு வார்ட்ரோப் வேலை பேசப் போயிருந்தேன். வீட்டுக்கார சார் நல்ல மனுஷன், உக்கார வச்சு டீ குடுத்துதான் பேசினார், நான் நாளுக்கு 1200ன்னு சொன்னதும் மனசுக்குள்ளயே பெருக்கிப் பாத்துட்டு, "அப்போ மாசம் முப்பத்தாறாயிரமா? என் பையன் இன்ஜினியரிங் முடிச்சிட்டு இருபத்திரண்டாயிரத்துக்குப் போறான்பா"ன்னார். கோவமாவெல்லாம் சொல்லல, அவருக்கு உண்மையாவே அப்படித்தான் தெரிஞ்சிருக்கு. இந்த முப்பத்தாறாயிரத்த நான் நூறு வீட்டுலயாவது கேட்டிருப்பேன். அதவிட வருத்தமான விஷயம், நம்ம ஆளுங்களே அந்தக் கணக்கத்தான் நம்புறாங்க, அத நம்பித்தான் வண்டிக்கு டியூ போடுறாங்க, சீட்டு கட்டுறாங்க.

நான் வியாசர்பாடி. 2002ல மாமாகூட எடுபிடியா மூலக்கொத்தளம் பட்டறைக்குப் போனதுலேருந்து இந்த வேலைதான். அஞ்சாறு வருஷமா ஒரு நோட்டு எழுதிட்டு வர்றேன், பாப்பாவோட பழைய லாங் சைஸ் நோட்டுல மிச்சம் இருந்த பக்கம்தான். முழு நாள் வேலைன்னா ஒரு டிக், அரை நாள்னா ஒரு கோடு, வேலை இல்லன்னா பெருக்கல் குறி போட்டு பக்கத்துல ஏன்னு ஒரே வார்த்தை. மழை, மைக்கா (ப்ளைவுட் மேல ஒட்டுற கலர் ஷீட்) வரல, ஜொரம், சாவு, வேலை இல்ல, அவ்ளோதான். போன வருஷ நோட்ட கூட்டிப் பாத்தா முழு நாள் 219, அரை நாள் 24, ஆக மொத்தம் 231 நாள் சம்பளம். ஞாயித்துக்கிழமைய விட்டுட்டாலும் 70 நாள் பெருக்கல் குறி இருந்துச்சு. அதுல ஆடியும் மார்கழியுமா வேலையே இல்லாம போனது 21 நாள், ஆடியில புதுசா ஆரம்பிக்க மாட்டாங்க, மார்கழியில கிரகப்பிரவேசம் கெடையாது, அது ஊரு வழக்கம், அத நாம குத்தம் சொல்ல முடியாது. மழையில 14 நாள். உடம்புக்கு முடியாம 9, பண்டிகை, கல்யாணம், சாவுன்னு 7. மிச்சம் இருக்கிற 19 நாளும் மெட்டீரியல் வராம, இல்லன்னா எலக்ட்ரீஷியன் வேலை முடியாம, சைட்டுக்குப் போயிட்டு சும்மா திரும்பினது.

அந்த 19 நாள்தான் எனக்கு ரொம்ப வலிக்குது, ஏன்னா அது வானம் பண்ணினது இல்ல. சைடன்ஹாம்ஸ் ரோட்டுல போயி ஒரு மைக்கா கலர் செலக்ட் பண்ணுவாங்க, சாயந்தரம் வீட்டுல பாத்துட்டு வேணாம்பாங்க, மறுநாள் வேற கலர், அது கடையில ஸ்டாக் இல்ல, நாலு நாளாகும்பாங்க. அந்த நாலு நாளும் இன்னொரு சைட்ட ஒத்துக்கவும் முடியாது, ஒத்துக்கிட்டா "ஆரம்பிச்ச வேலைய பாதியில விட்டுட்டுப் போயிட்டான்"னு பேரு வரும். வீட்டுக்காரங்க இத வேணும்னு பண்றதில்ல. அவங்க கலர் மாத்துறதுக்கும் எங்க வீட்டு அரிசிக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாரும் அவங்களுக்கு சொன்னதே இல்ல. ப்ளைவுட், மைக்கா, கீல், டிராயர் ஓடுற சேனல் எல்லாம் வீட்டுக்கு வந்து எறங்கினப்புறம் ஆள கூப்பிடுங்க, இத மட்டும் பண்ணீங்கன்னாகூட எங்களுக்குப் பெரிய உதவி.

மழைய பத்தி இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி நின்னா பாதிப்பேருக்கு அன்னிக்கு லீவு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க வீட்டுக்குள்ள முழங்காலுக்கு மேல தண்ணி. புள்ளைங்கள, ரேஷன் அரிசிய, சர்டிபிகேட்ட எல்லாம் மேல ஏத்திட்டோம், கட்டிலுக்கு அடியில இருந்த டூல்ஸ் பைய மறந்துட்டேன். கட்டிங் மெஷின், ட்ரில், மரத்துல ஓரம் சீவுற ரூட்டர் மூணுமே தண்ணிக்குள்ள. காய வச்சு போட்டுப் பாத்தேன், மோட்டார் காயில் கருகின வாசனைதான் வந்துச்சு. உளியும் இழைப்புளியும் துருவோட தப்பிச்சுது, தேய்ச்சு எண்ணெய் போட்டு இன்னிக்கும் வச்சிருக்கேன்.

சரி, பணத்துக்கு வருவோம். 231 நாள், 1200 ரூபா, வருஷத்துக்கு 2,77,200. பன்னெண்டால வகுத்தா மாசம் 23,100. இதுல டூல்ஸ் செலவு நம்மளோடது, மைக்கா ஒட்டின ப்ளைவுட்ட அறுத்தா பிளேடு சீக்கிரமா மழுங்கிடும், ட்ரில் பிட், மெஷின் மோட்டார்ல தேயிற கார்பன், அப்பப்போ ரிப்பேர், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு புது மெஷின், எல்லாம் சேத்து எனக்கு மாசம் 1500 வருது. அப்புறம் போக்குவரத்து. நாம இருக்கிறது வடசென்னையில, வேலை இருக்கிறது நாவலூர்லயும் போரூர்லயும். நாவலூர் போயிட்டு வர்றதுன்னா எழுபது கிலோமீட்டர் கிட்ட, பெட்ரோல் நூறு ரூபா விக்கிறப்போ அதுவே 140 ரூபா. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன்ல ட்ரெயின் புடிச்சு சென்ட்ரல் போயி பஸ் மாறினா காசு கம்மிதான், ஆனா டூல்ஸ் மூட்டையோட காலையில எட்டு மணி ட்ரெயின்ல ஏறிப் பாருங்க தெரியும். பக்கத்து வேலை தூரத்து வேலை எல்லாம் சேத்து நாளுக்கு நூறுன்னு வச்சாலும் மாசம் 1925 ஆயிடுது. கைக்கு வர்றது 19,675.

வீட்டு செலவு என்னோடதையே சொல்றேன், ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. வாடகை 8500, ஒரு ரூமு, ஒரு கிச்சன். கரண்டு, அரசாங்கம் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீயா குடுக்குது, ஆனா எங்களுக்கு சப் மீட்டர், ஓனருக்கு யூனிட்டுக்கு 8 ரூபா குடுக்கிறோம், அது 880. தண்ணி கேன் 320, கேஸ் 900, மளிகை, காய்கறி, பால், மீன் எல்லாம் 7000, அதுவும் ரேஷன்ல அரிசியும், 30 ரூபாய்க்கு துவரம்பருப்பும், 25 ரூபாய்க்கு பாமாயிலும் கெடைக்கிறதால ஏழாயிரத்துல நிக்குது. ஸ்கூல், டியூஷன் 2500, ஃபோன் கேபிள் 600. கூட்டினா 20,700. ஆயிரம் ரூபா இடிக்குதா? இதுல டாக்டர் இல்ல, தீபாவளி துணி இல்ல, மொய் இல்ல. என் வீட்டுக்காரம்மா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பிளவுஸ் தைக்கிறாங்க, அதுலதான் இந்த ஓட்டை அடையுது. கண்ணு எரியுதுன்னு சொல்லிட்டே தைப்பாங்க.

வாடகை அட்வான்ஸ் பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல பத்து மாச அட்வான்ஸ் பழக்கமாயிடுச்சு. 2017ல வந்த தமிழ்நாட்டு வாடகை சட்டம், ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்புக்கிட்டு எழுதலன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்கக்கூடாதுன்னு சொல்லுது. அக்ரிமெண்ட்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்த வரிய படிங்க, படிக்க வராதுன்னா புள்ளைங்கள விட்டு படிக்க சொல்லுங்க.

இப்போ ரேட்டு எப்படி சொல்லணும்ங்கறதுக்கு வர்றேன், இதுதான் நம்ம தம்பிங்களுக்கு முக்கியம். பக்கத்து ஆளு என்ன கேக்குறான்னு பாத்து அம்பது ரூபா கொறச்சு சொல்றது ரேட்டு இல்ல. வீட்டு செலவு 20,700, அதோட வைத்தியம், விசேஷம், கொஞ்சம் சேமிப்புன்னு ஒரு நாலாயிரம், மாசம் 24,700, வருஷத்துக்கு 2,96,400. டூல்ஸ் 18,000, போக்குவரத்து 23,100. மொத்தம் 3,37,500. இத 231ஆல வகுத்துப் பாருங்க, 1461 வருது. என் வீட்டுக்கு என் கூலி 1460, நான் வாங்கிட்டு இருக்கிறது 1200. உங்க நோட்டுல வேற நம்பர் வரும், வரட்டும், ஆனா நம்பர் தெரிஞ்சு பேசுறவனுக்கும் தெரியாம பேசுறவனுக்கும் வித்தியாசம் இருக்கு. வடக்கேருந்து வர்ற பசங்கதான் ரேட்ட கெடுக்கிறாங்கன்னு நம்ம ஆளுங்க சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். மாதவரத்துல ஒரே ரூம்ல எட்டு பேரு படுத்துக்கிட்டு ஊருக்கு காசு அனுப்புற பசங்க அவங்க, நல்ல வேலைக்காரங்களும் இருக்காங்க, அவங்ககிட்டயும் இதே கணக்க சொல்லிக் குடுக்கணும்.

அடிபடுற நாள் எந்தக் கணக்குலயும் வராது. ரெண்டு வருஷம் முன்னாடி என்கூட இருந்த பத்தொன்பது வயசு தம்பி, சின்ன ப்ளைவுட் துண்டுதானேன்னு எடது கையில புடிச்சுக்கிட்டே அறுத்தான், மெஷின்ல பிளேட மூடுற கார்டு (guard) இல்ல, தொந்தரவா இருக்குன்னு கழட்டி வச்சிருந்தது. மெஷின் எகிறி ஆள்காட்டி விரல் நுனி போயிடுச்சு. கையில துணிய சுத்தி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு ஓடினேன், ஆட்டோவுல அவன் கேட்டது "அண்ணா, அம்மாகிட்ட இன்னா சொல்றது?" நாப்பது நாள் வேலை இல்ல. அந்தக் கார்டு இல்லாத மெஷின ஓட்ட விட்டது நான், அது என் தப்பு. அன்னிலேருந்து சின்னத் துண்டுன்னா கிளாம்ப் போட்டுத்தான் அறுக்கணும், கார்ட கழட்டினா அன்னிக்கு வேலை கெடையாதுன்னு சொல்லிட்டேன்.

அந்தத் தம்பி எதுலயும் பதிவு பண்ணியிருக்கல. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994லேருந்து இருக்கு, அது கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் மட்டும்னு நம்மாளுங்க நெனச்சிட்டு இருக்காங்க, தச்சு வேலையும் அந்த லிஸ்ட்ல இருக்கு. ஊர்ல கட்டடம் கட்டுறவங்க செலவுல 1 சதவீதம் நம்ம பேருக்குத்தான் வாரியத்துக்குக் கட்டுறாங்க. 18லேருந்து 60 வயசுக்குள்ள பதிவு பண்ணணும், ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், இந்த வேலைதான் பாக்குறோம்னு ஒரு சான்று, ஆன்லைன்லயே போடலாம். புள்ளைங்க படிப்பு, கல்யாணம், விபத்து, அறுவதுக்கு மேல பென்ஷன் எல்லாத்துக்கும் உதவி இருக்கு, வாரியம் குடுக்கிற அட்டைய அந்தந்த டைம்ல புதுப்பிக்கணும், அதத்தான் நெறைய பேரு விட்டுடறாங்க. பேங்க்ல வருஷம் 20 ரூபா புடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கு, விரல் நுனிக்கெல்லாம் அதுல காசு வராது, ஆனா உயிரு போனா குடும்பத்துக்கு 2 லட்சம். முப்பத்தஞ்சு வயசு தாண்டினவங்க, சொந்தமா பட்டறை போட நெனச்சா, கலைஞர் கைவினைத் திட்டத்துல 3 லட்சம் வரைக்கும் கடன், அதுல 25 சதவீதம் மானியம், மானியம் அதிகபட்சம் 50,000.

வேலைய ஸ்கொயர் ஃபீட் கணக்குல பேசுறவங்க ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதிக்கோங்க. ஏழடி உயரம் ஆறடி அகலம்னா 42 ஸ்கொயர் ஃபீட், சரி, மேல இருக்கிற லாஃப்ட் அதுல சேத்தியா, உள்ள டிராயர் தனியா, பழச பிரிக்கிற கூலி யாரோடது, பணம் எத்தன தடவையா வரும். ரெண்டு பக்கமும் கையெழுத்து. சண்டை வர்றது எல்லாமே இந்த நாலு விஷயத்துலதான்.

வீட்டுக்காரங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். மழை மாசத்துல மரக்கதவு ஈரத்த இழுத்து உப்பும், நிலையில ஒரசும், அது மரத்தோட குணம். உடனே சீவினா வெயில் வந்ததும் சுருங்கி சந்து விழும், அதனால பத்து நாள் நல்லா வெயில் அடிக்கட்டும், அப்புறமும் ஒரசுச்சுன்னா கூப்பிடுங்க, இழைப்புளி எடுத்துட்டு வந்து காசு வாங்காம சீவிக் குடுத்துட்டுப் போறேன். அதுக்காக பதினஞ்சாயிரம் பேலன்ஸ பொங்கல் வரைக்கும் நிறுத்தி வைக்காதீங்க, அந்தப் பணத்துலதான் பாப்பாவுக்கு ரெண்டாவது டேர்ம் ஃபீஸ் கட்டணும்.