தொட்டிப்பெட்டியா, தொட்டபெட்டாவா? 'டேங்க்' என்ற சொல்லின் கதை

குன்னூரில் என் வீட்டு அலமாரியில் எண்ணெய், எரிவாயு சுமக்கும் ரயில் டேங்கர் வேகன்கள் 14 நிற்கின்றன. எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற பொம்மை அளவு. 60 அடி நீளமுள்ள அமெரிக்க டேங்கர் ஒன்று 1:160 அளவில் பதினொன்றரை சென்டிமீட்டர்கூட வராது. இதை 'என்' (N) ஸ்கேல் என்பார்கள், தண்டவாள அகலம் 9 மி.மீ., ஒன்பதுக்கு ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் முதல் எழுத்து 'என்' என்பதால் அந்தப் பெயர். போன மாதம் மழை விடாமல் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவற்றின் அட்டைப்பெட்டிகளில் தமிழில் பெயர் எழுதி ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். முதல் பெட்டியிலேயே பேனா நின்றுவிட்டது. டேங்க் வேகனுக்குத் தமிழில் என்ன?

'தொட்டிப்பெட்டி' என்று எழுதினேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த தம்பி, "என்னண்ணா, தொட்டபெட்டாவா?" என்றான். படகர் மொழியில் 'பெரிய மலை' என்று பொருள்படும் 2,637 மீட்டர் சிகரத்தை அன்றாடம் பஸ் போர்டில் பார்க்கிற ஊரில் இந்தச் சொல் எடுபடாது. கிழித்துப் போட்டேன்.

அப்புறம்தான் பெரிய சிக்கல் தெரிந்தது. எதிர்வீட்டு அண்ணா லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டால், "டேங்க்னா எனக்கு எஞ்சின்தான் தம்பி" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். நம் மலை ரயிலைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிற எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின், ரயில்வே மொழியில் 'டேங்க் எஞ்சின்'. தண்ணீருக்கென்று பின்னால் 'டெண்டர்' என்கிற தனி வண்டி கிடையாது, தன் உடம்போடு ஒட்டிய தொட்டிகளிலேயே தண்ணீரைச் சுமக்கும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து கப்பலேறி வந்தவை, பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் கட்டினார்கள். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு ஓர் அடி என்கிற கணக்கில் ஏற்றம், பல்சக்கரம் பல்தண்டவாளத்தைக் கடித்துக்கொண்டு ஏறவேண்டும், தொட்டியில் இருக்கிற தண்ணீர் எத்தனை நேரம் தாங்கும்? அதனால்தான் ஹில்குரோவ் நிலையத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறது. நாமும் இறங்கி டீ குடிக்கிறோம்.

ஆக, எண்ணெய் சுமக்கும் வண்டியும் டேங்க், தண்ணீரைச் சுமந்து ஓடும் எஞ்சினும் டேங்க். நான் சேர்க்கிற டேங்கருக்கு நிஜ உருவம் பார்க்க வேண்டுமானால் மலையிலிருந்து இறங்கி, மேட்டுப்பாளையத்தில் அகலப்பாதைக்கு மாறி, கோவை அருகே இருகூர் பக்கம் போய் நிற்கவேண்டும். வயிற்றில் 'பி.டி.பி.என்.' என்று எழுதிய நீள உருளைகள் வரிசையாகக் கடந்து போகும்: பி என்றால் போகி (வண்டிக்கு அடியில் திரும்பிக்கொடுக்கும் சக்கரச் சட்டம்), டி என்றால் டேங்க், அடுத்த பி பெட்ரோல், என் என்பது காற்றழுத்த பிரேக். அமெரிக்க வேகன்களில் வேறு கணக்கு. அவற்றின் மேல் எழுதியிருக்கும் யு.டி.எல்.எக்ஸ். போன்ற உரிமையாளர் குறியீட்டின் கடைசியில் வரும் அந்த எக்ஸ், வண்டி எந்த ரயில்வேக்கும் சொந்தமில்லை, தனியாருடையது என்பதற்கான குறி. நம்மூர் எக்ஸ் வகுப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். டேங்க் என்பது அசல் ஆங்கிலம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். குஜராத்தியில் 'டாங்க்கு', மராத்தியில் 'டாங்க்கே' என்று நிலத்தடி நீர்த்தொட்டிக்குப் பெயர். அகமதாபாத்தின் பழைய வீடுகளில் மழைநீர் பிடிக்க முற்றத்துக்குக் கீழே கட்டியிருப்பார்களே, அதுதான். இந்த ஊர்ச் சொல்லோடு, தேக்கிவைப்பது என்ற பொருளில் போர்த்துகீசியரிடம் இருந்த 'டாங்க்கே' என்ற சொல்லும் கலந்து 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போயிற்று. இன்றைக்கும் நம் ஏரியை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் 'டேங்க்' என்றே எழுதுவது அந்த வாசனைதான். பிறகு முதல் உலகப்போர். பிரிட்டன் ரகசியமாகக் கட்டிய கவச வண்டியை, தண்ணீர் சுமக்கும் வண்டி என்று சொல்லி மறைக்க 'டேங்க்' என்று பெயர் வைத்தார்கள். 1916 செப்டம்பர் 15-இல் அது பிரான்சின் சோம் போர்க்களத்தில் இறங்கியது, ரகசியம் போயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கண்டிப்பாக எழுந்து, 'தாங்கல்' என்ற தமிழ்ச் சொல்தான் டேங்க் ஆயிற்று என்பார். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று தண்ணீரைத் தாங்கும் இடத்துக்கு நமக்குப் பெயர் இருப்பது உண்மை. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வடக்கத்திச் சொற்களில் நாக்கு மடங்கும் 'ட' இருக்கிறது, நம்முடையதில் பல்லைத் தொடும் 'த'. ஒலி ஒத்துப்போவதாலேயே உறவு கொண்டாட முடியாது. நான் இதை நம்பவில்லை.

ஆனால் 'தாங்கி' என்ற சொல்லை அவ்வளவு லேசாகத் தள்ளமுடியாது. ஈழத்தில் தண்ணீர் டேங்கை 'தண்ணீர்த் தாங்கி' என்றே சொல்கிறார்கள், கேட்க இனிமையாக இருக்கிறது. நம் பக்கம் பத்திரிகைகள் ராணுவ டேங்கை 'டாங்கி' என்று எழுதிப் பழக்கிவிட்டன. என் பெட்டியில் 'தாங்கி வண்டி' என்று எழுதினால் படிக்கிறவர் பீரங்கியைத் தேடுவார். 'கொள்கலன்' நல்ல சொல், அதை கன்டெய்னர்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மிச்சம் இருப்பது தொட்டி. தொட்டி என்றால் வாய் திறந்தது, மாட்டுத்தொட்டி, குப்பைத்தொட்டி, பூந்தொட்டி மாதிரி, மூடிய உருளைக்கு எப்படிப் பொருந்தும் என்று எனக்கே முதலில் சந்தேகம். ஊருக்கு ஊர் நிற்கிற மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது, அதற்கும் மூடி இருக்கிறது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. இன்னொன்று, எண்ணெய் வேகனின் பூர்வீகமே தொட்டிதான். 1865-இல் பென்சில்வேனியாவில் டென்ஸ்மோர் சகோதரர்கள் சாதாரண தட்டை வேகன் மேல் இரண்டு பெரிய மரத்தொட்டிகளை நிறுத்திவைத்து அதில் எண்ணெய் அனுப்பினார்கள். (அவர்களில் ஜேம்ஸ்தான் பிற்பாடு தட்டச்சுப் பொறிக்குப் பணம் போட்டவர்.) மரம் கசியும், வண்டி குலுங்கினால் தொட்டி ஆடும். சீக்கிரமே பாய்லர் மாதிரி இரும்பு உருளையைப் படுக்க வைத்தார்கள். அதன் முதுகில் திமில் போல ஒரு குமிழ், வெயிலில் விரிகிற எண்ணெய்க்கு அதற்குள் இடம். பிறகு உருளைக்குள்ளேயே கொஞ்சம் காலி விட்டு நிரப்பும் முறை வந்து திமில் மறைந்தது. என் அலமாரியில் எது எந்தக் காலத்தது என்று நான் பிரிப்பது இந்தத் திமிலை வைத்துத்தான், விலையும் பெரும்பாலும் திமிலுள்ளவற்றுக்கே கூடுதல்.

'வேகன்' என்ற சொல்லை மாற்றவில்லை. சரக்குப்பெட்டி என்று எழுதலாம், ஆனால் உருளையைப் பெட்டி என்று சொல்ல மனம் வரவில்லை, தொட்டபெட்டா பயமும் இருக்கிறது. 'தொட்டி வேகன்' என்று 14 அட்டைகளிலும் எழுதி, எரிவாயு சுமக்கிற இரண்டுக்கு மட்டும் முன்னால் 'வாயு' சேர்த்தேன். எதிர்வீட்டு அண்ணா வந்து எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "அப்போ என் எஞ்சினுக்கு என்ன பேர்?" என்றார். தொட்டி எஞ்சின் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு டீயைக் குடித்தார்.