காங்கி காட்டும் எண் எங்கிருந்து வருகிறது?

போன கோடையில் ஒரு நாள், என் லினக்ஸ் மேசைக்கணினியின் திரையோரத்தில் வெப்பநிலை 27.8 டிகிரி என்று நின்றது. பெரிய வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். விசிறி இரைந்தது, பெட்டியின் பின்பக்கம் கை வைத்தால் சூடான காற்று அடித்தது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே 27.8. அறையே அதைவிடச் சூடு.

அந்த எண்ணைக் காட்டியது காங்கி. டோர்ஸ்மோ என்ற பழைய நிரலிலிருந்து கிளைத்து 2005-இல் வந்த சிறு நிரல் அது. சிபியு எவ்வளவு உழைக்கிறது, ரேம் எவ்வளவு போயிருக்கிறது, இணையம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று எல்லாவற்றையும் திரைப் பின்னணியின் மேலேயே எழுதிக் காட்டும். அது தப்பாகக் காட்டினால் பலரும் முதலில் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் பயன் இருக்காது. ஏனென்றால் காங்கி எதையும் தானே அளப்பதில்லை. வேறொருவர் எழுதியதைப் படித்துச் சொல்கிறது, அவ்வளவுதான்.

எழுதுவது கர்னல், அதாவது லினக்ஸின் மையநிரல். ப்ராக், சிஸ் என்று லினக்ஸில் இரண்டு கோப்புறைகள் உண்டு. அவற்றில் தெரியும் கோப்புகள் எதுவும் வட்டில் இல்லை. ப்ராக்கில் ஒரு கோப்பின் அளவைக் கேட்டால் பெரும்பாலும் பூஜ்யம் என்று வரும். திறந்தால் திரை நிறைய எண்கள் கொட்டும். யாராவது படிக்கக் கேட்ட அந்தக் கணத்தில்தான் கர்னல் தன் உள்கணக்கைப் பார்த்து அந்த வரிகளை உருவாக்குகிறது. லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. காங்கி படிக்கும் அதே கோப்பை நீங்களும் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் படிக்கலாம், பெரும்பாலும் தனி அனுமதிகூட வேண்டாம்.

சிபியு கணக்கை எடுத்துக்கொள்வோம். ப்ராக்கில் உள்ள ஸ்டாட் கோப்பின் முதல் வரியில் வரிசையாகச் சில எண்கள் இருக்கும். கணினி கிளம்பியதிலிருந்து பயனரின் நிரல்களுக்குப் போன நேரம், கர்னலின் சொந்த வேலைக்குப் போன நேரம், சும்மா இருந்த நேரம் என்று தனித்தனிக் கணக்கு. அலகு பெரும்பாலும் நொடியில் நூறில் ஒரு பங்கு. சதவீதம் என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. வீட்டு மின்மீட்டர் மாதிரி எண்கள் ஏறிக்கொண்டே போகும். இரண்டு முறை பார்த்துக் கழித்தால்தான் இடையில் ஆன செலவு தெரியும். நான்கு கோர், அதாவது சிபியுவுக்குள் தனித்தனியே உழைக்கும் நான்கு பகுதிகள், உள்ள கணினியில் ஒரு நொடி இடைவெளி விட்டுப் படித்தால் மொத்தக் கணக்கு 400 கூடியிருக்கும். சும்மா இருந்த நேரம் அதில் 300 என்றால், உழைத்தது 100. ஆக, காங்கி 25 சதவீதம் என்று எழுதும்.

இந்தக் கழித்தல் புரிந்துவிட்டால் பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் ஒரு நிரல் 100 சதவீதம் தின்கிறது, காங்கியில் 25 தான் தெரிகிறது என்பார்கள். டாப் ஒரு கோரை நூறாக வைத்துச் சொல்கிறது, காங்கி நான்கையும் சேர்த்து நூறாக வைத்துச் சொல்கிறது, இரண்டுமே சரி. எண் நிலையில்லாமல் குதிக்கிறது என்றால் படிக்கும் இடைவெளி மிகக் குறுகியதாக இருக்கும். அரை நொடியை இரண்டு நொடியாக்கிப் பாருங்கள், அடங்கிவிடும்.

இணைய வேகம் பூஜ்யத்திலேயே நிற்பதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். காங்கி எதை எப்படிக் காட்ட வேண்டும் என்று எழுதிவைக்கும் அமைப்புக் கோப்புகளில் பழையவற்றில் பிணைய அட்டை ‘ஈத்0’ என்றிருக்கும். 2013 வாக்கில், லினக்ஸைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் பெயரிடும் முறையை மாற்றியபின் அதே அட்டை பல கணினிகளில் ‘ஈஎன்பி3எஸ்0’ போன்ற பெயரில் இருக்கிறது. இல்லாத அட்டையில் ஓட்டம் எப்படித் தெரியும்? ரேம் நிறைந்துவிட்டதாகக் காட்டினால், வட்டிலிருந்து படித்ததைக் கர்னல் கைவசம் வைத்திருக்கும் இடமும் கணக்கில் சேர்ந்திருக்கலாம். கேட்டால் அது உடனே விட்டுக்கொடுக்கும் இடம்தான், பயப்பட வேண்டாம். காங்கி திரைக்கே வரவில்லை என்றால் டெர்மினலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். அமைப்புக் கோப்பில் தப்பு இருந்தால் அங்கே பிழைச்செய்தி வரும். 2015-இல் வந்த 1.10 பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு லுவா மொழி நடைக்கு மாறியது என்பதால், அதற்கு முந்தைய கோப்பை அப்படியே நகலெடுத்தவர்கள் இங்கே இடறுவதுண்டு.

சரி, என் 27.8-க்கு வருகிறேன். வெப்ப உணரிகளுக்குச் சிஸ் கோப்புறைக்குள் தனித்தனி இடம் உண்டு: எச்டபிள்யூமான்0, எச்டபிள்யூமான்1 என்று எண்ணிட்டு வரும். எந்த உணரியை இயக்கும் ஓட்டுநிரல் முதலில் எழுந்ததோ அதற்கு முதல் எண். கர்னல் புதுப்பித்தபின் அந்த வரிசை மாறிவிடலாம். ஒவ்வொன்றுக்குள்ளும் ‘நேம்’ என்றொரு கோப்பு இருக்கிறது. அது யாருடைய இடம் என்று ஒரே சொல்லில் சொல்லும். என் காங்கி அமைப்புக் கோப்பில் குறித்திருந்த எச்டபிள்யூமான்1-க்குள் போய் அதைப் படித்தேன். ‘கோர்டெம்ப்’, அதாவது இன்டெல் சிபியுவின் உணரி, என்று வந்திருக்க வேண்டும். ‘ஏசிபிஐடிஇசட்’ என்று வந்தது. மதர்போர்டு தன் பங்குக்குச் சொல்லும் வெப்பம் அது. சில போர்டுகளில் அந்த எண் அசையவே அசையாது.

பக்கத்தில் இருந்த 2-இல் கோர்டெம்ப் இருந்தது. அதன் வெப்பக் கோப்பைப் படித்தேன்: 91000. ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரிதான் அலகு. அப்படியானால் 91 டிகிரி.

வீடியோ வேலையை நிறுத்தினேன். எச்டபிள்யூமான் வரிசை எண்ணை நம்பாமல் ‘நேம்’ கோப்பில் கோர்டெம்ப் எங்கே இருக்கிறதென்று தேடிப் படிக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, ஐந்து நொடிக்கு ஒருமுறை அதை ஓட்டும்படி காங்கியில் சேர்த்தேன். அப்புறம் கணினியை அணைத்துப் பெட்டியைத் திறந்தேன். விசிறிக்கு அடியில், அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் தூசி, கம்பளித் துண்டு போல ஒட்டிக் கிடந்தது. பிரஷ்ஷால் தள்ளி எடுத்து, மூடி, அதே வீடியோவை மறுபடி ஓட்டினேன். திரையோரத்து எண் 50-இல் தொடங்கி மெல்ல ஏறி, 68, 69 என்று ஊசலாடி நின்றது.