தகவும் மெய்ப்பாடும்: ‘ஈத்தோஸ்’, ‘பேத்தோஸ்’ என்பவற்றுக்குத் தமிழ்

குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் 2013ஆம் ஆண்டு முதல் அறவியலுக்கென்று ஒரு தாள் இருக்கிறது. மக்களை இணங்கவைத்தல் அதன் பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பு. கடலூரில் அந்தத் தாளைத் தமிழில் எழுதும் மாணவர்களுக்குச் சில ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். அரசியல் தலைவர்கள் எவ்வாறு மக்களைத் தம் பக்கம் ஈர்க்கிறார்கள் என்ற வினாவுக்கு விடை எழுதும்போதெல்லாம் ‘ஈத்தோஸ்’, ‘பேத்தோஸ்’ என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் வந்து நிற்கின்றன. முதலாவதற்கு ‘நம்பகத்தன்மை’ என்றும் இரண்டாவதற்கு ‘உணர்ச்சிவசம்’ என்றும் மாணவர்கள் எழுதுகிறார்கள். எங்கள் ஊருக்கு வடக்கே 22 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த முதியவர்கள் அவற்றை ‘எத்தோஸ்’, ‘பத்தோஸ்’ என்று ஒலிப்பார்கள். அவர்கள் வாயில் ‘பத்தோஸ்’ என்பது மிகைப்படுத்திய உருக்கம் என்ற இளக்காரப் பொருளையும் பெற்றுவிடுகிறது, ஏனெனில் பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல் அப்படித்தான் தேய்ந்திருக்கிறது. மூலப் பொருள் இவை எதிலும் முழுமையாக இல்லை.

இந்த இரண்டையும் பேச்சுக்கலையின் கருவிகளாக வகுத்தவர் அரிஸ்டாட்டில் (பொ.ஆ.மு. 384–322). கேட்பவரை இணங்கவைக்கும் வழிகள் மூன்று என்றார் அவர்: சொல்பவரின் தன்மை, கேட்பவரின் மனநிலை, சொல்லப்படும் நியாயம். மூன்றாவதான ‘லோகோஸ்’ என்பதற்கு ‘நியாயம்’ என்ற வழக்குச் சொல்லே போதும். இடர்ப்பாடு முதல் இரண்டில்தான் இருக்கிறது.

‘பேத்தோஸ்’ என்பதிலிருந்து தொடங்குவது எளிது. இதன் வினையடி ‘பாஸ்கெய்ன்’. ஒன்று தனக்கு நேர்தல், ஒன்றுக்கு ஆட்படுதல் என்று பொருள். ஆகவே ஒருவர் தானாகச் செய்வது செயல் என்றால், அவருக்கு வந்து நேர்வது ‘பேத்தோஸ்’. தமிழில் இதற்கு நேர் நிற்கும் வினை ‘படுதல்’ என்பதாகும். துன்பப்படுகிறோம், பொறாமைப்படுகிறோம், ஆசைப்படுகிறோம், வெட்கப்படுகிறோம். உணர்ச்சிகளில் பெரும்பாலானவற்றை நாம் செய்வதில்லை, படுகிறோம் என்பதைத் தமிழ் தன் வினையிலேயே வைத்திருக்கிறது. அதன் பெயர்ச்சொல் ‘பாடு’. ‘படாத பாடு பட்டேன்’ என்பதில் வரும் பாடும் இதுவே. கடலூர்த் துறைமுகத்தில் காலையில் போய் நின்றால் ‘இன்னிக்கு மீன்பாடு எப்பிடி?’ என்ற கேள்வி காதில் விழும். வலையில் வந்து படுவது அங்கே பாடு. கிரேக்கத்தில் ‘உடன்’ என்ற முன்னொட்டைச் சேர்த்துப் பிறர் துயரில் பங்குகொள்வதற்குச் சொல் ஆக்கினார்கள். தமிழில் அதே சேர்க்கை ‘உடன்பாடு’ என்று ஆகி, இசைவைக் குறிக்கிறது. ஒரு தலைவரின் துயரத்தில் உடன்படும் கூட்டம் சிறிது நேரத்தில் அவருடைய கோரிக்கைக்கும் உடன்பட்டுவிடுகிறது என்பதை நினைக்கும்போது, இந்தச் சொல்லை எண்ணி வியக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

பாடு என்பதோடு ‘மெய்’ சேர்ந்ததுதான் தொல்காப்பியத்தின் ‘மெய்ப்பாடு’: உள்ளத்தில் நேர்ந்தது உடம்பில் தோன்றுதல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. இதைச் செய்யுளுக்கும் கூத்துக்கும் மட்டும் உரியதாக ஒதுக்கிவைப்பது சரியன்று. அரிஸ்டாட்டில் சினத்தையும் அச்சத்தையும் இரக்கத்தையும் ஆராயும்போது, எந்த நிலையில் உள்ளவர்க்கு, யார் மேல், எந்தக் காரணத்தால் அது எழுகிறது என்று பிரித்துக் கேட்கிறார். தொல்காப்பியமும் காரணங்களையே வகுக்கிறது, மெய்ப்பாடு ஒவ்வொன்றுக்கும் நான்காக. வெகுளிக்கு அது கூறும் நான்கு நிலைக்களங்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை: உடலை ஊனப்படுத்துதல், குடிமக்களை நலிதல், அடித்து அலைக்கழித்தல், உயிரைப் போக்குதல். அச்சத்தின் நான்கு காரணங்களில் அணங்கு, விலங்கு, கள்வர் என்பவற்றோடு ‘தம் இறை’, அதாவது தம்மை ஆளும் அரசனே, ஒன்றாக நிற்கிறான்.

இந்த வகுப்பு எவ்வளவு உயிருள்ளது என்பதற்குப் புதுச்சேரியின் ஜூலை 30 போதும். 1936ஆம் ஆண்டு அந்த நாளில், வேலைநிறுத்தத்தில் இருந்த சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அந்த நாளில் ஆண்டுதோறும் பேசப்படும் பேச்சுகளில் கேட்பவரின் சினத்தை எழுப்புவது எது என்று கவனித்தால், கொலையும் குடிகோளும் என்ற இரண்டுமே முன் நிற்கின்றன. அது பொய்யாக மூட்டப்பட்ட சினம் அன்று. நேர்ந்ததற்கு உரிய சினம். உணர்ச்சியைத் தொட்டுப் பேசுவதே ஏமாற்று என்று மாணவர்கள் எழுதும்போதெல்லாம் நான் திருத்துவது இதனால்தான். ‘உணர்ச்சிவசம்’ என்ற சொல் தொடக்கத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. மெய்ப்பாடு என்ற சொல் அப்படிச் செய்வதில்லை.

இனி ‘ஈத்தோஸ்’. இதன் வரலாறு நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. இச்சொல் ஹோமரின் காப்பியத்தில் மனிதரின் குணத்தைக் குறிக்கவில்லை. கட்டறுத்துக்கொண்டு ஓடும் குதிரை தான் வழக்கமாக மேயும் இடத்தை நோக்கிப் பாய்வதைச் சொல்லும் உவமையில், அந்த வழக்கமான இடம்தான் ஈத்தோஸ். பன்றிகள் இரவில் வந்து அடையும் இடத்துக்கும் அதே சொல். பிறகுதான் அது மனிதரின் இருப்பிடமாகி, வழக்கமாகி, கடைசியில் குணமாயிற்று. உயிரொலியின் நீளம் மட்டும் வேறுபடும் இன்னொரு சொல் பழக்கத்தைக் குறித்தது. பழக்கத்திலிருந்தே குணம் வருகிறது என்பதற்கு அரிஸ்டாட்டில் இந்த ஒலியொப்புமையையே எடுத்துக்காட்டுகிறார். தமிழில் ‘புழங்குதல்’, ‘பழகுதல்’ என்ற இரண்டும் இப்படி அருகருகே நிற்கின்றன. இவற்றுக்கும் கிரேக்கத்துக்கும் உறவு உண்டென்று நான் சொல்லவில்லை. இரண்டு மொழிகளும் ஒரே வாழ்க்கையைப் பார்த்திருக்கின்றன.

இதை நான் நூலில் படித்தறிவதற்கு முன்பே ஒரு மூதாட்டி எனக்குச் சொல்லியிருந்தார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. சில நாள்கள் கழித்து அங்கே ஒரு சிற்றூருக்கு வெளியூர்த் தலைவர் ஒருவர் ஆறுதல் சொல்ல வந்தார். விழுந்த மரங்களை விறகுக்காக அறுத்துக்கொண்டிருந்தவர்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். அவர் நன்றாகவே பேசினார். பேச்சின் நடுவில் குரல் தழுதழுத்தது, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கூட்டத்திலும் சிலர் அழுதார்கள். மதகுக் கட்டையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூதாட்டி அழவில்லை. ‘இவுரு என்னா இந்தப் பக்கம் பொழங்குற ஆளா தம்பி? மரம் வெச்சப்ப வந்தாரா, காய்ச்சப்ப வந்தாரா?’ என்று கேட்டார். அவர் கேட்டது அந்தத் தலைவர் நல்லவரா என்பதன்று; எந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து பழகியவர் என்பதே. ஈத்தோசின் முதற்பொருள் அதுதான்.

‘நம்பகத்தன்மை’ ஏன் போதாது என்பது இங்கே விளங்கும். அது தராசுக்கும் புள்ளிவிவரத்துக்கும் செய்தி நிறுவனத்துக்கும் பொருந்தும் சொல். விளைவைச் சொல்கிறதே தவிர, அந்த விளைவு ஒரு மனிதரின் எந்தத் தன்மையிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்வதில்லை. ‘பண்பு’ அகலமானது. ‘நாணயம்’ அழகான சொல். கடைத்தெருவில் ‘நாணயமான ஆள்’ என்பதற்கு மேல் ஒரு சான்றிதழ் கிடையாது. மேடையில் நாநயம் இருந்து நாணயம் இல்லாதவரைப் பற்றி நம் பேச்சாளர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆனாலும் நாணயம் கொடுத்த வாக்கையும் வாங்கிய கடனையும் காப்பதோடு நின்றுவிடுகிறது. அரிஸ்டாட்டில் கேட்பது அதைவிட அதிகம்: சொல்பவரிடம் அறிவு இருக்க வேண்டும், நல்லொழுக்கம் இருக்க வேண்டும், கேட்பவர் மீது நல்லெண்ணம் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மக்கள் நம்பமாட்டார்கள் என்கிறார்.

வள்ளுவர் இதை நான்காகச் சொல்லியிருக்கிறார்.

அன்பறிவு தேற்றம் அவாவின்மை இந்நான்கும்
நன்குடையான் கட்டே தெளிவு. (513)

வினையை ஒப்படைக்கத் தக்கவன் யார் என்று அரசன் தேர்வதற்காகச் சொன்ன குறள் இது. நம் காலத்தில் தேர்பவர் மக்கள். ஆகவே குறள் இடம் மாறி நிற்கிறதே தவிர, பொருள் மாறவில்லை. அன்பு நல்லெண்ணத்துக்கும், அறிவு அறிவுக்கும், அவாவின்மை ஒழுக்கத்துக்கும் நேராகின்றன. ஐயத்தில் தடுமாறாத தேற்றம் வள்ளுவர் கூட்டியது. இங்கே ‘தெளிவு’ என்பதற்குப் பொருள் இன்று நாம் கொள்ளும் விளக்கம் அன்று, நம்பிக்கை. ‘தேறற்க யாரையும் தேராது’ என்று 509ஆம் குறள் தொடங்குகிறது. தேர்தல் ஆராய்வது, தேறுதல் நம்புவது. ஆராய்ந்த பிறகே நம்ப வேண்டும் என்ற முறை அந்த இரண்டு சொற்களின் அடுக்கில் இருக்கிறது. வாக்களிக்கும் நிகழ்வுக்குத் ‘தேர்தல்’ என்று பெயர் வைத்தவர்கள் இதை நினைத்தார்களோ இல்லையோ, சொல் நினைத்திருக்கிறது.

தெளிவையே ஈத்தோசுக்குச் சொல்லாக எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அதன் பொருள் இன்று வேறாக உறைந்துவிட்டது. தேற்றமோ கணிதத்துக்குப் போய்விட்டது. நான் பரிந்துரைக்கும் சொல் ‘தகவு’. ‘தகு’ என்ற அடியிலிருந்து வந்தது. தகுதிக்கும் தக்காருக்கும் உறவு. ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்’ என்ற 114ஆம் குறளில் ஒருவரின் தகவு அவர் விட்டுச் செல்வதைக் கொண்டு அறியப்படுகிறது. கணிதத்தில் ‘நிகழ்தகவு’ படித்த பள்ளிப் பிள்ளைக்கு ‘தகவு’ புதிய சொல்லும் அன்று. ‘தகவல்’ என்பதோடு குழம்பும் என்ற தடையை ஒரு மாணவி எழுப்பினார். ‘சொல்வோர் தகவு’ என்று ஒருமுறை விரித்து எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் நீங்கும்.

ஒரு நுட்பத்தை இங்கே விடக்கூடாது. ஈத்தோஸ் பேச்சின் வழியே பிறக்க வேண்டும், பேசுபவரைப் பற்றி முன்பே உள்ள மதிப்பினால் அன்று என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. உரோமானியர் அப்படி எண்ணவில்லை. ‘நல்லவன், பேச வல்லவன்’ என்பதே அவர்களுடைய பழைய அரசியல் தலைவர் கேட்டோவின் சொல்லாக, பேச்சுக்கலை ஆசிரியர் குவிண்டிலியன் பேச்சாளருக்கு எடுத்துரைக்கும் இலக்கணம். நம் ஊர் வழக்கும் உரோமானியர் பக்கம்தான். கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள் 1927இல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றும் போராட்டத்தில் தம் சிறுமகளோடு சிறை சென்றவர். அப்படி ஒருவர் பிறகு மேடையில் தியாகம் என்ற சொல்லைச் சொன்னால் அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. 1944இல் கடலூரில் ரிக்சாவில் சென்றுகொண்டிருந்த பெரியார் மீது ஒற்றைச் செருப்பு வந்து விழ, வண்டியைத் திருப்பச் சொல்லி, மற்றொன்றும் கிடைத்தால் யாருக்காவது பயன்படும் என்று எடுத்துக்கொண்டதை இன்றும் இங்கே சொல்கிறார்கள். 1972இல் அங்கே அவருக்குச் சிலை எழுந்தது. அவர் கொள்கையை ஏற்காதவர்கள்கூட இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது குரலில் ஒரு மதிப்பு வந்துவிடுவதைக் கேட்டிருக்கிறேன். தகவு என்பது அந்த மதிப்பைப் பிறப்பிப்பது.

தகவு இல்லாத மெய்ப்பாட்டுக்கும் தமிழில் பெயர் உண்டு. ‘முதலைக் கண்ணீர்’ வெளியிலிருந்து வந்தது. நமக்குச் சொந்தமானது ‘நீலிக் கண்ணீர்’. பழையனூரில் வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று கூறி, இடுப்பில் குழந்தையோடு அழுது நின்ற நீலியை நம்பி, ஊர் வேளாளர் எழுபது பேர் அவனை அவளோடு அனுப்பினார்கள். அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாகவும் வைத்தார்கள். அவன் இறந்ததும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. கதையை நீலியின் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஒரே கதையில் ஒரு பக்கம் தகவற்ற அழுகையும், மறுபக்கம் அழாமல் வாக்கைக் காத்த தகவும் நிற்கின்றன. ஏமாந்தவர்களே தகவுடையவர்களாக இருக்கிறார்கள்.

அரிஸ்டாட்டில் தம் நூலின் தொடக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை வைக்கிறார். நடுவரைச் சினத்துக்கோ பொறாமைக்கோ இரக்கத்துக்கோ ஆளாக்கித் தீர்ப்பைத் திருப்புவது, அளப்பதற்கு எடுக்கப்போகும் கோலை வளைத்து வைப்பதற்கு ஒப்பாகும் என்பது அது. தகவைப் பற்றிய 114ஆம் குறள் ‘நடுவுநிலைமை’ அதிகாரத்தில் இருக்கிறது. அதே அதிகாரத்தின் 118ஆம் குறள் ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல்’ ஒருபக்கம் சாயாமல் இருக்கச் சொல்கிறது. அவர் சொன்னது அளவுகோல், இவர் சொன்னது துலாக்கோல். தகவு என்ற சொல்லுக்குள் கோடாமை முன்பே இருப்பதால்தான், நம்பகத்தன்மையை விட்டு இதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சென்ற வாரம் வகுப்பில், தானே புயல் கூட்டத்தை நான் சொல்லக் கேட்ட மாணவர் ஒருவர் தம் விடைத்தாளில் இப்படி எழுதினார்: ‘அந்தத் தலைவரின் பேச்சில் மெய்ப்பாடு இருந்தது, தகவு அந்த ஊரில் அவருக்கு இன்னும் பிறக்கவில்லை.’ ‘இன்னும்’ என்ற சொல்லை நான் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘நன்று’ என்று எழுதினேன்.