கன்று வாங்கியதோடு செலவு முடிவதில்லை

பாபநாசத்துக்குப் பக்கத்தில், காவிரிப் படுகையில் மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர் தேக்கு. நட்டு 13 வருடம் ஆகிறது. மரம் ஏன் பருக்கவில்லை என்று பார்க்கக் கூப்பிட்டிருந்தார் அதன் சொந்தக்காரர், எழுபதைத் தொட்ட பெரியவர். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் டேப்பைச் சுற்றிக்கொண்டே போனேன். 21 அங்குலம், 23, 19, 22. உள்ளே போகப் போக வெயிலே தரையில் விழவில்லை. வாய்க்கால் ஓரமாக நின்ற கடைசி வரிசையை அளந்தால் 35, 37. அதே கன்று, ஒரே நாளில் நட்டது. ஒரு பக்கம் திறந்த வெளி கிடைத்தது மட்டும்தான் வித்தியாசம்.

ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் ஏக்கருக்கு ஆயிரத்துக்கு மேல் கன்று நட்டிருந்தார், ஒன்றைக்கூட எடுக்கவில்லை. "நல்லா நிக்கிற மரத்தை எப்படித் தம்பி வெட்டச் சொல்றீங்க?" என்றார். டெல்டாவில் நான் பார்க்கும் தேக்கங்கொல்லைகளில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

மரக்கடைக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அடி. 12 அடி நீளக் கட்டை, சுற்றளவு 24 அங்குலம் என்றால் 3 கன அடி. அதே நீளத்துக்குச் சுற்றளவு 36 அங்குலம் என்றால் 6¾ கன அடி. சுற்றளவு ஒன்றரை மடங்கு, மரமோ இரண்டே கால் மடங்கு. விலையும் ஒன்றாக இருக்காது. ஒல்லிக் கட்டையை அறுத்தால் நடுவில் வைரம் என்கிற முற்றிய கெட்டி மரம் கொஞ்சம், சுற்றிலும் முற்றாத வெள்ளை. கதவு நிலைக்கு ஆகாது.

அதனால் மரம் வளர்ப்பில் முதலீடு என்றால் கன்றுச் செலவு, குழிச் செலவு மட்டும் என்று நினைக்காதீர்கள். முதல் வருடம் போடும் பணம்தான் அதிக நாள் முடங்கிக் கிடக்கும். பத்து சதவீத வட்டி என்று வைத்தால், இன்று போடும் 100 ரூபாய் இருபதாம் வருடம் 670 ரூபாயாகத் திரும்பினால்தான் கட்டுப்படியாகும். வேலியிலும் பைப்பிலும் கையிருப்பை எல்லாம் கொட்டிவிட்டு, மூன்றாம் வருடம் கவாத்துக்கு ஆள் வைக்கக் காசில்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கக் கிளையை விரல் பருமனில் எடுத்தால் தழும்பு மூடிவிடும். கை பருமனாக விட்டால் அது பலகையில் முடிச்சாக வந்து நிற்கும்.

நெருக்கி நட்ட தேக்கில் நான் சொல்வது இது: ஐந்து, ஆறு வருடத்தில் பாதியைக் கலைக்க வேண்டும். பத்தை ஒட்டி மறுபடி பாதி. அதற்குப் பிறகும் கழித்து, கடைசியில் ஏக்கருக்கு 150 மரம் நின்றால் போதும். துறையில் இதைத் தின்னிங் என்போம். முதல் தடவை வரும் கழிகள் கொட்டகைக்கும் பந்தலுக்கும் போகும், கூலிக்காவது ஆகும். அந்தக் கூலியை நடும்போதே தனியாக எழுதி வைத்துவிடுங்கள்.

பெரியவர் கொல்லை மாதிரி கலைக்காமல் விட்டுப்போனதை ஒரே மூச்சில் பாதியாகக் குறைக்கவும் கூடாது. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் நெட்டை மரங்கள் திடீரென்று தனியானால் காற்றுக்கு ஒடியும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்துபோன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்கு மட்டும், அதுவும் தை, மாசியில். ஐப்பசி மழைக்கு முன்னால் கோடரியைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் நிலம். படுகை வண்டலில் தேக்கு வரும். திருவாரூர்ப் பக்கக் களிமண் வயலில், கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் வைத்தால் வேர் அழுகும். அங்கே நீர்மருதும் புங்கனும்தான். வேதாரண்யம் மணலுக்குச் சவுக்கு.

ஆறு மா இருந்தால் ஆறையும் ஒரே ஆடியில் நடாதீர்கள். இரண்டு மா இந்த வருடம், அடுத்த இரண்டு நாலைந்து வருடம் கழித்து. இடையில் சவுக்கு போட்டால் நாலாம் வருடம் கைக்குக் காசு வரும், அடுத்த தவணைக்கு உதவும். கஜாவுக்குப் பிறகு ஊரே சேர்ந்து நட்டது. அத்தனையும் ஒரே சமயத்தில் வெட்டுக்கு வந்தால் வியாபாரி சொல்வதுதான் விலை, அதற்கடுத்த பத்து வருடம் உள்ளூரில் மரமே இருக்காது. வெளிநாட்டு மரத்தை நம்பவும் முடியாது. பர்மா 2014 ஏப்ரலில் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியபோது தேக்கு வியாபாரமே தடுமாறியது. கும்பகோணத்தில் வீடு கட்டுகிறவருக்குக் கொள்ளிடக்கரை மரம் வருடா வருடம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

நட்டதும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கில், ஏற்றிவிடுங்கள். வெட்டி லாரியில் ஏற்றும் நாளில் அந்த ஒரு வரி இல்லாமல் அலைந்தவர்கள் நிறைய.

பெரியவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு போன் பண்ணினார். தை பிறந்ததும் போனேன். எடுக்க வேண்டிய மரங்களுக்கு நான் சுண்ணாம்பால் வட்டம் போட, அவர் பின்னாலேயே வந்து நாலைந்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டார். அவை இன்னும் நிற்கின்றன. மற்ற முந்நூற்றுச் சொச்சமும் மாசிக்குள் கழியாகப் போய்விட்டன. வெயில் இப்போது நடுக்கொல்லை வரை விழுகிறது.