தைராய்டு ஆபரேஷனுக்கு முன் நீட்டப்படும் அந்தத் தாள்

தைராய்டு, பாராதைராய்டு, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் என எந்த ஹார்மோன் சுரப்பியில் ஆபரேஷன் என்றாலும், முதலில் ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். பதற்றத்தில் பலர் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். போதிய விவரம் தெரிந்த பிறகு சிகிச்சையை ஏற்கவோ மறுக்கவோ நோயாளிக்கு உரிமை உண்டு என்று உலக மருத்துவச் சங்கம் 1981-லேயே லிஸ்பன் பிரகடனத்தில் சொல்லிவிட்டது. வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும் உரிமையும் பின்னால் அதில் சேர்ந்தது.

சரி, போதிய விவரம் என்றால் என்ன? தைராய்டையே எடுத்துக்கொள்வோம். குரல் நாண்களை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே போகிறது. அதற்கு அடிபட்டால் குரல் கரகரக்கும். சிலருக்கு நிரந்தரமாகவே மாறிவிடலாம். உச்சக் குரலுக்கு உதவும் இன்னொரு மெல்லிய நரம்பும் பக்கத்தில்தான் இருக்கிறது. பாடுபவர்களும் ஆசிரியர்களும் தங்கள் தொழிலைச் சொல்லியே கேட்க வேண்டும். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பவை அவைதான். அவை பாதிக்கப்பட்டால் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் இருக்கும். இத்தனையும் கையெழுத்துக்கு முன்பே உங்கள் காதுக்கு வர வேண்டிய விஷயங்கள்.

தைராய்டில் பாதியை எடுக்கிறார்களா, முழுவதையுமா? இந்தக் கேள்வியை மட்டும் விடவே விடாதீர்கள். முழுவதும் போனால் ஆயுள் முழுக்கத் தினமும் ஹார்மோன் மாத்திரை. பாதி எடுத்தாலும் சிலருக்கு மாத்திரை தேவைப்படும். ஆபரேஷன் நடுவில் மறுபாதியையும் எடுக்க நேருமா, எந்த நிலையில் எடுப்பார்கள் என்று கேட்டு, பதிலைப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, நீங்கள் ஒப்புக்கொண்டதைத் தாண்டிப் போகக்கூடாது என்பதே பொது விதி. கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினாலும், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் வேண்டாம் என்று சொல்லலாம்.

அட்ரீனலில், ரத்த அழுத்தத்தை எகிற வைக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி இருந்தால், ஆபரேஷனுக்கு முன் ஒன்றிரண்டு வாரமாவது மருந்து கொடுத்து ரத்த அழுத்தத்தை அடக்குவார்கள். 'ஏன் இழுத்தடிக்கிறார்கள்' என்று கோபப்பட வேண்டாம், அந்தக் காத்திருப்பு உயிரைக் காப்பது. இரண்டு அட்ரீனலும் போனால் ஸ்டீராய்டு மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது.

அப்புறம், தியேட்டருக்குள் உங்கள் பெயர், எந்த ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதுதான் அது. சலிக்காமல் 'இடது பக்கம்' அல்லது 'வலது பக்கம்' என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஆபரேஷன் குறிப்பு, திசுப் பரிசோதனை அறிக்கை இரண்டின் நகலையும் கேளுங்கள். பரிசோதனை முடிவு வர நாளாகும் என்றால், எப்போது வந்து வாங்கலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.