வெண்குள்ளன் விழுங்கிய நிலவுகள்

பிப்ரவரி, மார்ச் மாத முன்னிரவுகளில் புளோக்குக்குக் கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தால், சிங்கப்பூரின் இத்தனை விளக்கு வெளிச்சத்துக்கு நடுவிலும் சிரியஸ் என்ற விண்மீன் பளிச்சென்று தெரியும். அதைச் சுற்றிவரும் சிரியஸ் பி நம் கண்ணுக்குப் படாது. எரிந்து முடிந்த விண்மீன் அது. பூமியளவு உருண்டைக்குள் ஏறக்குறைய ஒரு சூரியனின் நிறை அடங்கியிருக்கிறது. இதைத்தான் வெண்குள்ளன் என்கிறோம்.

நம் சூரியனும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் ஊதிப் பெருத்து, புதனையும் வெள்ளியையும் விழுங்கி, கடைசியில் வெண்குள்ளனாகச் சுருங்கும். பூமி தப்புமா? இழுபறிதான். சூரியன் தன் வாயுவை வெளியே வீசி நிறையில் ஏறத்தாழ பாதியை இழக்கும். ஈர்ப்பு தளர, கோள்களின் பாதைகள் மெல்ல விரியும். நிறை பாதியானால் தூரம் இருமடங்காகும். அதே சமயம் பெருத்த சூரியனின் ஓத விசை, அதாவது ஒரு பொருளின் இரு பக்கங்களையும் ஈர்ப்பு வெவ்வேறு அளவில் இழுப்பதால் வரும் விசை, அருகிலிருக்கும் கோளை உள்ளே இழுக்கும். பூமி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

தொலைவில் இருக்கும் கோள்கள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் விண்மீனின் பிடி தளர்ந்தபின் கோள்கள் ஒன்றையொன்று இழுப்பது பெரிதாகத் தெரியத் தொடங்கும். பாதைகள் குலைந்து இரண்டு பெரிய கோள்கள் நெருங்கிக் கடந்தால், அவற்றின் நிலவுகள் பிய்த்துக்கொண்டு போகும். அப்படி அநாதையான நிலவு வெண்குள்ளனுக்குப் பக்கத்தில், சில லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்துவிட்டால் அவ்வளவுதான். அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஈர்ப்பு வெவ்வேறு அளவில் இழுப்பதால் உடைந்து நொறுங்கி, தூசித் தட்டாகச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விழும்.

இது வெறும் ஊகமில்லை. 2015இல் கெப்ளர் தொலைநோக்கியின் தரவுகளில் டபிள்யூடி 1145+017 என்ற வெண்குள்ளனைச் சுமார் நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றியபடி சிதைந்துகொண்டிருக்கும் ஒரு பாறைப் பொருள் பிடிபட்டது.

என்னை மிகவும் ஈர்ப்பது இதற்கு அப்புறம் நடப்பதுதான். வெண்குள்ளனின் மேற்பரப்பில் ஹைட்ரஜனோ ஹீலியமோ மட்டும்தான் இருக்க வேண்டும். கோப்பித்தூள் வண்டல் கோப்பையின் அடிக்கு இறங்குவதுபோல, கனமான தனிமங்கள் உள்ளே மூழ்கிவிடும். அப்படியும் ஒளிநிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும்போது, கால்சியமோ இரும்போ தெரிந்தால், வெளியிலிருந்து ஏதோ விழுந்திருக்கிறது என்று பொருள். 1917லேயே வான் மானென் விண்மீன் என்ற வெண்குள்ளனின் நிறமாலையில் இந்தத் தடயம் பதிவானது; அதன் அர்த்தம் பல பத்தாண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. இன்று இதே முறையில் ஓர் அந்நியக் கோளின் பாறையில் எது எவ்வளவு இருந்தது என்றே கணக்கிடுகிறார்கள். இதற்கு நிகரான வேறு வழி நம்மிடம் இல்லை.

2021இல் இரண்டு வெண்குள்ளன்களில் பெரிலியம் என்ற தனிமம் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பது தெரியவந்தது. ராட்சதக் கோளைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டையின் வேகமான துகள்கள், அங்கே சுற்றும் பொருள்களின் பனிக்கட்டியிலுள்ள ஆக்சிஜன் அணுக்கருவை மோதி உடைத்தால் பெரிலியம் பிறக்கும். ஆகவே அங்கே விழுந்தது ஒரு பனி நிலவாக இருக்கலாம் என்கிறது ஒரு விளக்கம்.