துண்டு வெட்டுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள்

வன்னியில் வைத்தியசாலை விடுதியொன்றில் துண்டு வெட்டும், அதாவது நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளன்று உறவினர்கள் கேட்பவை பெரும்பாலும் இரண்டே: எந்த மருந்தை எப்போது கொடுப்பது, அடுத்த கிளினிக் எப்போது. காய்ச்சலுக்கு வந்து தேறிச் செல்பவருக்கு இவை போதும். ஆனால் பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கும், இடுப்பெலும்பு முறிந்த முதியவருக்கும், நீரிழிவுப் புண்ணால் காலை இழந்தவருக்கும் வீட்டில் யார், எதை, எந்த நேரத்தில் செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே பாராமல் அனுப்பினால், அவர்களிற் சிலர் படுக்கைப் புண்ணுடனோ மீண்டும் விழுந்த காயத்துடனோ திரும்பி வருவதைத் தாதிய உத்தியோகத்தராக நான் பார்த்து வருகிறேன்.

நாளாந்தக் கருமங்களில் நோயாளியின் இயலுமையை அளப்பதற்கு 1965 இல் வெளியான பார்தெல் சுட்டி இன்றும் பயன்படுகிறது. உண்ணுதல், குளித்தல், உடுத்தல், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுதல், படியேறுதல் முதலான 10 விடயங்களுக்கு மொத்தம் 100 புள்ளிகள். முழுப் புள்ளி பெற்றவர்கூடத் தனியே வாழக்கூடியவர் என்று கொள்ள முடியாது, ஏனெனில் சமையலையும் வீட்டு வேலையையும் அது அளப்பதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வளவுக்குள் தனித்து வாழும் முதியவர்கள் நிறைந்த எமது ஊர்களில் இதை மறந்துவிடக் கூடாது.

அந்தப் புள்ளிகளும் விடுதியின் சமதளத் தரையில் பெறப்பட்டவை. இங்கு பல வீடுகளில் மலசலகூடம் வளவின் பின்பக்கம், மணல் முற்றத்தைக் கடந்து, குந்தியிருந்து பயன்படுத்தும் வகையில் அமைந்திருக்கிறது. பகலில் ஒருவர் பிடித்துக்கொள்ள விடுதியில் நடந்தவர், மாரி காலத்து நள்ளிரவில் ரோச் லைற் வெளிச்சத்தில் அங்கு போய்வர முடியுமா என்பதே எனக்கு முதற் கேள்வி. ஆகவே கட்டிலிலிருந்து மலசலகூடம் வரையான பாதையையும், படிகளையும், கதவையும் கைபேசியில் படமெடுத்து வருமாறு உறவினரிடம் கேட்கிறேன். வழமையான சக்கர நாற்காலி ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் அகலமானது. கதவு அதைவிட ஒடுங்கியதெனில், இரவலாகப் பெற்ற நாற்காலி விறாந்தையிலேயே நின்றுவிடும். அத்தகைய வீடுகளில், கட்டிலருகே வைத்து மலசலம் கழிக்கக்கூடிய கொமட் கதிரையே முதலில் ஒழுங்கு செய்யப்பட வேண்டியது.

அடுத்து, பராமரிப்பவர். ‘வீட்டில் பார்க்க ஆள் இருக்கிறதா?’ என்று கேட்டால், ‘ஓம் மிஸ்’ என்ற பதிலே எப்போதும் வரும். இல்லை என்று சொல்வதை எமது சனங்கள் வெட்கமாகக் கருதுகிறார்கள். அந்த ஆள் விடியற்காலையில் தோட்டக் கூலிக்குப் போகும் மகளாக இருக்கலாம். முழங்கால் வாதத்தால் தானே எழும்பச் சிரமப்படும் மனைவியாக இருக்கலாம். தானாகப் புரள முடியாதவரை இரவிலும் ஏறத்தாழ 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டியிருக்கும் என்பதால், ‘இரவில் யார் எழும்புவது?’ என்று பெயர் சொல்லிக் கேட்பதே பயனுள்ளது. விளங்கியதா என்று கேட்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. மூக்குக் குழாயால் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைப்பதையும், குழாய் வழியே சிறுநீர் சேரும் பிளாஸ்ரிக் பையை எப்போதும் உடலிலுள்ள சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, ஆனால் நிலத்தில் படாமல் தொங்கவிடுவதையும் பராமரிப்பவரே எங்கள் முன்னிலையில் பலமுறை செய்துகாட்டிய பின்னர்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் வன்னியில் தனிக் கவனத்துக்குரியவர்கள். போரில் காயமடைந்து, உணர்விழந்த உடலுடன் 2009 இலிருந்தோ அதற்கு முன்பிருந்தோ வாழும் இவர்கள், தம்மைப் பராமரிக்கும் முறைகளை எம்மைவிட நன்கறிந்தவர்கள் என்பதால், ‘பழைய ஆள்தானே’ என்று மதிப்பீடே செய்யாமல் அனுப்பும் வழக்கமுண்டு. இது தவறு. அன்று தூக்கி இருத்திய தாய்க்கு இன்று வயதாகிவிட்டது. சக்கர நாற்காலியின் மெத்தை தேய்ந்துவிட்டது. விடுதியில் அனுமதிக்கப்படும் ஒவ்வொரு முறையும் பராமரிப்பவரின் உடல்நிலையையும் மெத்தையையும் புதிதாகப் பார்க்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்குள் ஒருமுறையாவது கைகளை ஊன்றி உடலைத் தூக்கி அழுத்தத்தைக் குறைக்கும் பலம் தோள்களில் இன்னும் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த மதிப்பீட்டைத் துண்டு வெட்டும் நாளில் செய்ய முடியாது. அன்று எல்லோருடைய மனமும் கடைசி பஸ்ஸில் இருக்கும். அனுமதித்த ஓரிரு நாட்களிலேயே தொடங்கினால்தான் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவித்து வீட்டுத் தரிசிப்புக்குக் கேட்கவும், உதவு உபகரணத்துக்காகப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரை அணுகவும் அவகாசம் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் சிகிச்சை பெற்றவர்கள், நேரே வீட்டுக்குப் போகாமல் கிளிநொச்சி அல்லது முல்லைத்தீவு வைத்தியசாலையில் சில நாட்கள் தங்கிப் பராமரிப்பைப் பழகிச் செல்ல முடியுமா என்று கேட்பது நல்லது.

1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை அவசர நிலைக்கானது. கிளினிக்குக்குப் போய்வர ஓட்டோக் கூலியைக் குடும்பமே தேட வேண்டும். ஆகையால் நீரிழிவுக்கு ஒரு நாள், நரம்பியலுக்கு இன்னொரு நாள் என்று திகதிகள் எழுதப்பட்டிருந்தால், இரண்டையும் ஒரே நாளுக்கு மாற்றித்தருமாறு துண்டைக் கையில் வாங்கும்போதே தயங்காமல் கேளுங்கள்.